சிங்கப்பூரிலிருந்து ஜோகூர் பாரு, மலாக்காவுக்கு ஒரு நாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வசிப்பவர்களும், உறவினர் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கியிருப்பவர்களும், காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் வகையில் மலேசிய நகரம் ஒன்றைப் பார்த்துவர விரும்பும்போது பெரும்பாலும் ஒரே மாதிரியான ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். என் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பலமுறை எல்லை கடந்ததில் தெரிந்துகொண்ட ஒரு செய்தியே எல்லா விடைகளுக்கும் அடியில் இருக்கிறது. அதாவது, இந்தப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தூரமன்று. இரண்டு நாடுகளின் சோதனைச்சாவடிகள்தான். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என நான்கு முறை கடவுச்சீட்டை நீட்ட வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே திட்டத்தைத் தொடங்க வேண்டும்.

ஒரே நாளில் ஜோகூர் பாரு, மலாக்கா இரண்டையும் பார்த்துவிட முடியுமா?

முடியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டியவுடனே ஜோகூர் பாரு இருக்கிறது. மலாக்கா அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கும் மேல் வடமேற்கே உள்ளது. நெரிசல் இல்லாத நாளில்கூடப் பேருந்தில் மூன்று மணி நேரம் ஆகும். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்குப் புறப்பட்டேன். வழியில் ஜோகூர் பாருவில் இரண்டு கோயில்கள், பிறகு மலாக்கா என்பது திட்டம். பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே இரண்டரை மணி நேரம் கழிந்துவிட்டது. கோயில்களை விட்டுவிட்டு நேரே மலாக்காவுக்குப் போயும், அங்கே இறங்கியபோது பிற்பகல் 3 மணியைத் தாண்டியிருந்தது. அம்மா பார்க்க ஆசைப்பட்ட விநாயகர் கோயிலில் நடை சாத்தியிருந்தார்கள். சாத்திய கதவின் முன்னே நின்று கைகூப்பிவிட்டு, மீண்டும் திறக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் திரும்பினோம். அன்றிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு நகரம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஜோகூர் பாரு போதும். விடியற்காலையில் கிளம்பி இரவு தாமதமாகத் திரும்ப ஆயத்தமாக இருந்தால் மலாக்கா.

எந்த நாளில், எத்தனை மணிக்குப் புறப்படுவது நல்லது?

உங்களால் விடுப்பு எடுக்க முடியுமானால் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேலை நாள்களில் கடற்பாலத்தின் நெரிசலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்கள் அதிகாலை 4, 5 மணியிலிருந்தே சிங்கப்பூரை நோக்கி வரத் தொடங்குகிறார்கள். மாலை 5 மணிக்கு மேல் அதே கூட்டம் வீடு திரும்புகிறது. நீங்கள் காலையில் ஜோகூரை நோக்கியும் மாலையில் சிங்கப்பூரை நோக்கியும் செல்வதால், அந்த அலைக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறீர்கள். ஆகவே அதே பாலத்தை, அதே நாளில், மிகக் குறைந்த நேரத்தில் கடந்துவிடலாம்.

வார இறுதியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் கூட்டமும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் திரும்பும் கூட்டமும் மிகுதி. நீண்ட வார இறுதிகளிலும், ஜூன், நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறைகளிலும், கார்கள் மூன்று மணி நேரம்வரை காத்திருக்க நேர்ந்ததாகச் சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே பலமுறை அறிவித்திருக்கிறது. ஜோகூர் மாநிலம் 2014 முதல் வெள்ளி, சனி ஆகிய நாள்களை வார விடுமுறையாகக் கொண்டிருந்து, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஞாயிறன்று அங்கே வேலை நாள் என்பதால் கடைவீதிகளில் கூட்டம் குறைந்திருக்கும். இப்போது இரண்டு நாட்டு மக்களுக்கும் விடுமுறை ஒன்றாகிவிட்டது. பழைய அனுபவத்தை நம்பி ஞாயிறைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை மட்டுமே இயலும் என்றால், காலை 6 மணிக்குள் சோதனைச்சாவடியில் இருக்கும்படி கிளம்புங்கள். புறப்படும் நேரத்தை முதலில் முடிவு செய்வதைவிட, வீட்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும் என்பதை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது என் வழக்கம். சிங்கப்பூரின் நகர ரயிலான எம்ஆர்டி நள்ளிரவையொட்டி நின்றுவிடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

முதலாவது, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. "பக்கத்தில்தானே போகிறோம், அடையாள அட்டை போதாதா?" என்று இன்றும் கேட்கிறார்கள், போதாது. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்.

இரண்டாவது, மலேசிய மின்னிலக்க வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும், மலேசிய நிரந்தரவாசிகளுக்கும், மலேசியாவின் நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கு அந்த விலக்கு இல்லை என்பதைப் பலர் அறியாமல் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு கைப்பேசியில் அவசரமாக நிரப்புகிறார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதியிலோ சார்ந்தோர் அனுமதியிலோ இருக்கும் இந்தியக் குடிமக்களும் இதை நிரப்பியே ஆக வேண்டும். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம். மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தேடுபொறியில் தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்களும் வரக்கூடும். பணம் கேட்டாலே அது அரசாங்கத் தளம் அன்று என்று விலகிவிடுங்கள். நிரப்பும்போது கடவுச்சீட்டு எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் முகப்பில் மீண்டும் நிரப்பச் சொல்வார்கள் என்பதால், சீட்டை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், 2023 டிசம்பர் 1 முதல், 30 நாள் வரையிலான பயணத்துக்கு விசா இல்லாமல் மலேசியாவுக்குள் செல்லலாம். இது காலவரையறை உள்ள சலுகை. நீட்டித்து நீட்டித்து வருகிறார்கள். எனவே நீங்கள் செல்லும் மாதத்தில் அது நடப்பில் உள்ளதா என்பதைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, திரும்பி வருவதற்கானது. சிங்கப்பூர்க் குடிமக்களும், நிரந்தரவாசிகளும், நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களும் தரைவழிச் சோதனைச்சாவடி வழியாகத் திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை நிரப்பத் தேவையில்லை. சுற்றுலாப் பயணிகள் நிரப்ப வேண்டும்; அவர்கள் சிங்கப்பூருக்குள் முதலில் வந்தபோது நிரப்பிய அட்டை இதற்குச் செல்லாது.

உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் 2024 மார்ச் 19 முதல், கடவுச்சீட்டுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டிச் செல்லும் முறை முதலில் கார்களுக்கு வந்தது. பிறகு மற்றப் பயணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே குறியீட்டை உருவாக்கிக்கொள்ளலாம். இது சிங்கப்பூர்ப் பக்கத்துக்கான வசதி. கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவதற்கான அனுமதி அன்று.

இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் என் பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லலாம், ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்துச் சீட்டு வாங்க வேண்டும். அவர்களுடைய சிங்கப்பூர் விசாவில் ஒருமுறை நுழைவு என்று இருக்கிறதா, பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் கடற்பாலத்தைத் தாண்டிவிட்டால், மீண்டும் சிங்கப்பூருக்குள் வர அந்த விசா உதவாது. பெட்டி படுக்கை இங்கே, விமானம் இங்கிருந்து, ஆள் ஜோகூரில் என்ற நிலை வயதானவர்களுக்கு எவ்வளவு கலக்கத்தைத் தரும் என்று எண்ணிப் பாருங்கள். விசாவின் கடைசி நாளையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

பேருந்தில் போவது எப்படி? வழியில் ஏன் இறங்கச் சொல்கிறார்கள்?

குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து 170, சிடபிள்யூ2 ஆகிய பேருந்துகளும், கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 170எக்ஸ், சிடபிள்யூ1 ஆகியவையும், உட்லண்ட்ஸ் முனையத்திலிருந்து 950-உம் ஜோகூர் பாருவுக்குச் செல்கின்றன. கிராஞ்சிவரை எம்ஆர்டியில் சென்று அங்கே ஏறுவது, நகர மையத்திலிருந்தே பேருந்தில் வருவதைவிடப் பெரும்பாலும் விரைவானது.

முதன்முறை செல்பவர்கள் குழம்பும் இடம் இதுதான். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பேருந்து நின்றதும் எல்லாப் பைகளையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். நீங்கள் வந்த பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. மாடி ஏறி, சிங்கப்பூர்க் குடிநுழைவைக் கடந்து, மறுபக்கம் கீழே இறங்கினால், பேருந்து எண்கள் எழுதிய பலகைகளின் கீழே வரிசைகள் நிற்கும். உங்கள் சேவை எண்ணுக்குரிய வரிசையில் நின்று அடுத்து வரும் பேருந்தில் ஏற வேண்டும். சீட்டு வாங்கிச் செல்லும் சேவையாக இருந்தால் அந்தச் சிறு காகிதத்தைத் தொலைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். கடவுச்சீட்டின் அட்டைக்குள் செருகி வைத்தால், குடிநுழைவு முகப்பில் கடவுச்சீட்டை விரிக்கும்போது அது நழுவி விழுந்துவிடும். சட்டைப்பைதான் சரியான இடம்.

பேருந்து நகரத் தொடங்கியதும், பாலத்தையொட்டி ஓடும் தடித்த நீர்க்குழாய்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஜோகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூர் பெறுவதற்கு வகைசெய்யும் 1962-ஆம் ஆண்டு உடன்பாடு 2061 வரை நடப்பில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் இந்தக் கடற்பாலம் 1924-இல் முறையாகத் திறக்கப்பட்டது. நெரிசலில் பேருந்து நின்று நின்று போகும்போது அதைப் பார்க்க நேரம் நிறையவே கிடைக்கும்.

மறுகரையில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மீண்டும் இறங்கி மலேசியக் குடிநுழைவைக் கடக்க வேண்டும். நகர மையத்துக்குத்தான் செல்கிறீர்கள் என்றால் அங்கிருந்து நடைமேம்பாலம் வழியாக ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். மீண்டும் பேருந்து ஏற வேண்டாம். முகப்பை விட்டு நகர்வதற்கு முன், முத்திரை குத்தப்படும் கடவுச்சீட்டாக இருந்தால், முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கூட்டத்தோடு கூட்டமாக முகப்பைத் தவறவிட்டு வெளியே வந்துவிட்டால், மாலையில் திரும்பும்போது "நீங்கள் நாட்டுக்குள் வந்ததற்குப் பதிவே இல்லையே" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரயில் வசதி இருக்கிறதா?

உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடிக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் இடையே மலேசிய ரயில்வேயின் தெப்ராவ் இடைவழி ரயில் 2015 ஜூலை 1 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. பயணம் ஐந்து நிமிடந்தான். உட்லண்ட்ஸில் ஏறும்போது இரு நாட்டுக் குடிநுழைவையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பதால், ஜேபி சென்ட்ரலில் இறங்கியதும் நேராக வெளியே நடக்கலாம். உட்லண்ட்ஸிலிருந்து 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜோகூர் பாருவிலிருந்து 5 ரிங்கிட் என்று கட்டணம் இருந்துவருகிறது. எண் ஒன்றுதான் என்றாலும் நாணயம் வேறு என்பதால் போகும் செலவு திரும்பும் செலவைவிட மிகுதி.

பாலத்தின் நெரிசல் இந்த ரயிலைத் தொடுவதில்லை. அதனால்தான் வார இறுதிச் சீட்டுகள் வெகுநாள் முன்பே தீர்ந்துவிடுகின்றன. திரும்பும் சீட்டு கிடைத்தால் மட்டுமே போகும் சீட்டை வாங்குங்கள் என்பது என் அறிவுரை. ரயில் புறப்படுவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே கட்டப்பட்ட புதிய விரைவு ரயில் இணைப்பு 2026 இறுதிக்குள் சேவையைத் தொடங்கும் என்று இரு அரசாங்கங்களும் அறிவித்தன. ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச்செல்லும் திறனுடையது அது. அது தொடங்கியபின் தெப்ராவ் ரயில் ஆறு மாதத்துக்குள் நிறுத்தப்படும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. ஆகவே ரயிலை நம்பித் திட்டமிடுவோர் எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது.

சொந்தக் காரில் போவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூரில் பதிவு செய்த காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி பெற்று, அதற்குரிய ஒட்டுவில்லை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இது முழுமையாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் உண்டு. சாலைச் சுங்கத்துக்காக டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் இருக்கட்டும்.

சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது எரிபொருள் கலன் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். மீறினால் 500 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். மலேசியாவில் எண்ணெய் நிரப்பும்போது, மானிய விலையிலான ரான்95 பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்கு நிரப்பக்கூடாது, ரான்97 நிரப்பலாம். சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த வண்டி என்றாலும் இதில் கவனமாக இருங்கள். உங்கள் வாகனக் காப்புறுதி மலேசியாவுக்கும் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

தீவின் மேற்கே குடியிருப்பவர்களுக்கு 1998-இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் இணைப்பு வசதியானது. மலாக்காவுக்குச் செல்பவர்களுக்கும் நான் அதையே பரிந்துரைப்பேன். ஜோகூர் பாரு நகரத்துக்குள் நுழையாமலே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை அடைந்துவிடலாம். மச்சாப், பாகோ ஆகிய ஓய்விடங்களில் நிறுத்தி இளைப்பாறலாம். மலாக்காவுக்கு ஆயர் குரோ வெளிவழியில் இறங்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர்.

ஜோகூர் பாருவில் நடந்தே பார்க்கக்கூடியவை எவை?

ஜேபி சென்ட்ரலை மையமாகக் கொண்டு அரை நாள் தாராளமாக நடக்கலாம். சில நிமிட நடையில் ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் இருக்கிறது. பூக்கடைகளும் துணிக்கடைகளும் சூழ்ந்த அந்தத் தெருதான் ஊரின் குட்டி இந்தியா. பக்கத்திலேயே ஜாலான் டான் ஹியோக் நீ என்ற பழைய கடைவீதி. ஐந்தடி நடைபாதையும் மரச் சன்னல்களும் உள்ள இரண்டுமாடிக் கடைவீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

நான் யாரை அழைத்துச் சென்றாலும் தவறாமல் காட்டுவது அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை. 1922-இல் ரயில் பாதையோரம் சிறு குடிலாகத் தொடங்கிய கோயில், இன்று சுவர், தூண், கூரை எங்கும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டு நிற்கிறது. ஏறத்தாழ 3,00,000 துண்டுகள் என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கண் கூசும் என்று எதிர்பார்ப்போம், அப்படி இல்லை. ஒவ்வொரு துண்டும் நகத்தளவே இருப்பதால் விளக்கொளி சிதறி, தீபாராதனையின்போது ஒரே சுடர் கூரை முழுக்க ஆயிரம் புள்ளிகளாக அசைவதைக் காணலாம். லிங்கச் சன்னிதியின் சுவரில் உருத்திராக்க மணிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடியின் பளபளப்புக்குப் பிறகு அந்தப் பழுப்புச் சுவரின் முன் நிற்பது மனத்துக்கு மிகுந்த அமைதியைத் தரும். பிற்பகல் நடைசாத்தும் நேரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள்.

கடலோரமாக மேற்கே சென்றால் 1900-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் பள்ளிவாசல் உள்ளது. அதற்கு வாடகைக் கார் வேண்டும். இஸ்கந்தர் புத்ரியில் 2012-இல் திறக்கப்பட்ட லெகோலேண்டுக்குச் செல்வதென்றால் முழு நாளையும் அதற்கே ஒதுக்குங்கள்.

மலாக்காவில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் எங்கே தொடங்குவது?

பேருந்தில் வருபவர்கள் மலாக்கா சென்ட்ரலில் இறங்குவார்கள். அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தோ வாடகைக் காரோ டச்சுச் சதுக்கத்துக்கு அழைத்துச் செல்லும். அதன்பின் எல்லாமே நடக்கும் தூரந்தான்.

1511-இல் போர்த்துகீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824-இல் ஆங்கிலேயர் என்று கைமாறிய ஊர் இது. செந்நிறச் சுவர்கள் கொண்ட ஸ்டாட்ஹவுஸ் கட்டடமும் 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயமும் டச்சுக்காரர் விட்டுச் சென்றவை. பின்னால் உள்ள குன்றில் புனித பால் தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553-இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படும் முன் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. மறுசரிவில் இறங்கினால் போர்த்துகீசியக் கோட்டையில் எஞ்சிய ஒரே வாயில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் குன்றை முடித்துவிடுவது நல்லது.

பெரும்பாலான பயணிகள் இத்தோடு ஜோங்கர் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். தமிழர்கள் அப்படிச் செய்யக்கூடாது என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆற்றைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெருவுக்குள் செல்லுங்கள். ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அங்கே இருக்கிறது. 1781-இல் எழுந்த இக்கோயில், இன்றும் வழிபாடு நடக்கும் மலேசிய இந்துக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இதை எழுப்பியவர்கள் மலாக்காச் செட்டி சமூகத்தினர். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்துக்காக வந்து, இங்கேயே மணம்புரிந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். உடுப்பது கெபாயா என்ற மேலாடையும் சாரோங் என்ற கைலியும். வழிபடுவது விநாயகரையும் மாரியம்மனையும். கோயிலின் வடிவத்தைப் பாருங்கள்: கோபுரம் சிறிது, தெருவை நோக்கிய முகப்பு ஓட்டுக்கூரை வீடு போல. மொழி போனபின்னும் இறை வழிபாட்டை ஐந்து நூற்றாண்டாகக் கைவிடாத மக்களின் கோயில் என்று தெரிந்து அந்த வாசலில் நிற்பதும், தெரியாமல் கடந்து போவதும் ஒன்றாகா.

அதே தெருவில் சில அடிகளில் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும், அதைத் தாண்டி செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் காஜா பெராங்கில் உள்ள மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிக்கு வாடகைக் காரில் சென்று வாருங்கள். 2008-இல் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்காவை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணமான பண்பாட்டுக் கலவையை இந்தத் தெருக்களில்தான் காணலாம்.

ஜோங்கர் தெரு இரவுச் சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான் அந்தச் சந்தை நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், சோதனைச்சாவடிக்கு வர நள்ளிரவாகிவிடும். ஒரு நாள் பயணத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஓரிரவு தங்குங்கள்.

கோலாலம்பூருக்கு ஒரே நாளில் சென்று வரலாமா?

சாலைவழியில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போக ஐந்தாறு மணி நேரம், வர ஐந்தாறு மணி நேரம் என்றால் மிஞ்சுவது என்ன? விமானத்தில் ஒரு மணி நேரம் என்றாலும், இரு விமான நிலையங்களின் காத்திருப்பையும் நகருக்குள் செல்லும் பயணத்தையும் சேர்த்தால் காலை முழுதும் போய்விடும். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

எவ்வளவு பணம், எந்த நாணயத்தில்?

கையில் கொஞ்சம் ரிங்கிட் ரொக்கம் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பேருந்து, கோயில் அர்ச்சனை, சிறு கடைகளுக்கு அதுதான் எளிது. முழுத் தொகையையும் மாற்றிக்கொண்டு போக வேண்டாம். பேரங்காடிகளிலும் கிராப் வாடகைக் காருக்கும் வங்கி அட்டை போதும். எல்லையருகே கைப்பேசி தானாகவே மறுகரையின் கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தரவுத் திட்டம் வாங்காதவர்கள் வெளிநாட்டுத் தரவை நிறுத்தி வையுங்கள்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும்போது?

சோதனைச்சாவடியில் நிற்க வேண்டிய நேரமும், பேருந்திலிருந்து இறங்கி மாடிக்குச் செல்லும் நடையும் மூட்டுவலிக்காரர்களுக்குக் கடினம். அவர்களுக்கு வேலை நாளில் ரயிலோ காரோதான் ஏற்றது. புறப்படுமுன்பே கழிவறைக்குச் சென்றுவருவது சிறு விஷயமாகத் தோன்றும். பாலத்தின் நடுவே ஒரு மணி நேரம் பேருந்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். நீரிழிவு உள்ளவர்களின் பையில் மாத்திரையும் தின்பண்டமும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மருந்துகளை மருத்துவர் எழுதிய சீட்டோடு மூல உறையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும்போது என்னென்ன கொண்டுவரலாம்?

48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவர்கள் 100 வெள்ளி மதிப்புள்ள பொருள்களுக்குப் பொருள், சேவை வரி செலுத்தத் தேவையில்லை; அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு செலுத்த வேண்டும். 160 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் மிகையான 60 வெள்ளிக்கு 5 வெள்ளி 40 காசு வரி. இந்தச் சலுகை குடிமக்கள், நிரந்தரவாசிகள், சுற்றுலாப் பயணிகளுக்கு உரியது. வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்தோர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இல்லை. அவர்கள் முதல் வெள்ளியிலிருந்தே வரி செலுத்த வேண்டும். கைப்பேசியிலேயே முன்கூட்டி அறிவித்துச் செலுத்திவிடலாம்.

மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுபானத்தில் வரிவிலக்கு கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் விலக்கு இல்லை. சூயிங் கம் எனப்படும் மெல்லும் மிட்டாய்க்கும் மின்சிகரெட்டுக்கும் தடை. அறிமுகமில்லாதவர் ஒருவர் "இந்தப் பையை மட்டும் அக்கரையில் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், அவர் எவ்வளவு பரிதாபமாகக் கேட்டாலும் வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை உண்டு; பை யாருடையது என்பதை நிரூபிக்கும் சுமை அதைச் சுமந்தவர் தலையில்தான் விழும்.

அங்கே கடவுச்சீட்டு தொலைந்துவிட்டால்?

முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஜோகூர் பாருவிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டியிருக்கும். மாற்றுப் பயண ஆவணம் கிடைத்தபின் மலேசியக் குடிநுழைவுத் துறையிடம் வெளியேறும் அனுமதியும் பெற வேண்டும் என்பதால் அன்றைக்கே திரும்புவது அரிது. கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும், விசா அல்லது அனுமதி அட்டையின் இருபக்கங்களையும் படமெடுத்து, உங்கள் கைப்பேசியில் மட்டுமன்றி வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கைப்பையோடு கைப்பேசியும் சேர்ந்தே தொலைவதுதான் வழக்கம். மலேசியாவில் காவல்துறைக்கும் மருத்துவ வண்டிக்கும் அழைக்க வேண்டிய எண் 999.